பேர் வெட்டிய ஆமை

பொம்மை விற்பது ஒரு தொழில். பொம்மையைக் காட்டினால்தான் கதவைத் திறப்பேன் என்று அடம்பிடிக்கும் கணினி விளையாட்டுக்கு வாசல் காவல் நிற்பது இன்னொரு தொழில். இரண்டையும் ஒரே மாடியறையில் சில வருஷங்கள் செய்தவள் நான். இந்த மாதிரிப் பொம்மைகளைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்து நொந்தவர்கள், விற்று நொந்தவர்கள், வாங்கித் தரவில்லை என்று இன்றைக்கும் அப்பாவிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். உட்காருங்கள், நம் பாட்டை நாம்தான் பேசிக்கொள்ள வேண்டும்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பொம்மை உள்ளங்கையில் அடங்கும். அது நிற்கிற வட்டமான காலடித் தட்டுக்குள் ஒரு சின்ன சிப் இருக்கும். டி.வி.யோடு இணைத்த ஒரு மேடை உண்டு. கம்பெனிக்காரன் அதற்கு ஏதோ பேர் வைத்திருந்தான். எங்கள் பிள்ளைகள் அதைப் 'பீடம்' என்றார்கள். சுடலைமாடன் பீடத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வேறென்ன சொல்லும்? பீடத்தில் பொம்மையை வைத்தால் விளக்கு எரியும், 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வரும், அதே பொம்மை திரைக்குள் உயிரோடு குதிக்கும். எடுத்தால் மறைந்துவிடும். அது ஜெயித்த சண்டை, சேர்த்த பலம், போட்டிருக்கிற தொப்பி எல்லாம் பெட்டியில் தங்காது, பொம்மைக்குள்ளேயே தங்கும். இதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் போதும்.

திருநெல்வேலி டவுனில், கீழ ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் என் கணவரின் ஃபேன்ஸி ஸ்டோர். அதற்கு மேலே என் கடை. மணிக்கணக்கில் விளையாட விடுவேன், பொம்மைகளை விற்கவும் செய்வேன். சந்து முழுக்கப் பாத்திரக் கடைகள். கீழே பித்தளையைத் தட்டும் சத்தம், மேலே 'டொய்ங்'. இரண்டும் சேர்ந்து கேட்ட அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

வீட்டை விற்றவன் சாவியை விற்ற கதை

திசையன்விளையிலிருந்து ஒரு அண்ணாச்சி. முருங்கைக்காய் மொத்த வியாபாரம். மகன் கேட்டான் என்று விளையாட்டு வட்டும் பீடமும் வாங்கிப் போனவர், அடுத்த வாரமே மகனைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். விளையாட்டில் பாதிக் கதவு பூட்டிக் கிடக்கிறதாம். நெருப்புக் கதவுக்கு நெருப்புப் பொம்மை வேண்டும், காற்றுக் கதவுக்குக் காற்றுப் பொம்மை வேண்டும், தனித்தனியாக வாங்க வேண்டும் என்று விளக்கினேன். "கதவுக்கு அங்கிட்டு இருக்கதெல்லாம் பொம்மைக்குள்ளயா இருக்கு?" என்றார். இல்லை அண்ணாச்சி, எல்லாம் நீங்கள் வாங்கிப்போன வட்டுக்குள்தான் இருக்கிறது, பொம்மை வெறும் சாவிதான் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். வீட்டை விற்றுவிட்டு அடுக்களைச் சாவியைத் தனியாக விற்பீர்களோ என்று சந்து முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்.

அது தசரா சமயம். குலசேகரன்பட்டினம் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு காப்புக் கட்டியவர்கள் வேஷம் போட்டுக் கடை கடையாகக் காணிக்கை கேட்டு வருவார்கள். அன்றைக்கு அப்படி ஒருவர் குரங்கு வேஷத்தில் மாடியேறி வந்தவர், வாலைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வழக்கை முழுசாகக் கேட்டார். பிறகு ஒரு பொம்மையை எடுத்துப் பீடத்தில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முருங்கைக்காய் அண்ணாச்சியைப் பார்த்து உண்டியலை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுச் சொன்னார்: "நானும் வருசம் பூரா உள்ளூருக்குள்ளதான் சுத்துதேன், ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. உள்ள இருந்து என்ன செய்ய அண்ணாச்சி, வெளிய வர வேசம் வேணும்லா!"

ஒண்ணாம் கிளாஸ்

வளர்ந்துவிட்ட பிள்ளைகள் விற்கிற பழைய பொம்மைகளையும் நான் வாங்கி வைப்பேன். அப்படி வந்த ஒரு நெருப்புப் பல்லியைப் பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஒரு டீச்சர் மகனுக்கு வாங்கிப் போனார். மறுநாள் மாலை இருவரும் வந்தார்கள். மகன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. டீச்சர் முகத்தில் அதற்கு நேர்மாறாக. பல்லியைப் பீடத்தில் வைத்ததுமே அது எதிரிகளை ஒரே ஊதலில் எரித்துத் தள்ளுகிறதாம், பையன் விரலைக்கூட அசைக்க வேண்டியிருக்கவில்லையாம். முன்னால் வைத்திருந்த பிள்ளை சேர்த்த பலம் அது என்று சொன்னேன். இதைச் சொன்னால் சந்தோஷப்படுவார் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல.

அழிக்க முடியுமா என்று கேட்டார். முடியும், ஒரு பொத்தானை அழுத்தினால் பொம்மை எல்லாவற்றையும் மறந்து புதிதாகிவிடும். பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். டீச்சர் அசையவில்லை. நான் அழித்துக் கொடுத்ததும் பல்லியைக் கைப்பைக்குள் போட்டு மூடினார். "ஊரான் எழுதுன பரிச்சையில வந்த மார்க்கு எங்க வீட்டுக்கு வேண்டாம். ஒண்ணாம் கிளாஸ்ல இருந்து ஒழுங்கா ஆரம்பிக்கட்டும்."

விலை போகாத ஆமை

எல்லாப் பொம்மையும் விற்றது, ஒன்றைத் தவிர. நீர்க் கதவைத் திறக்கிற பொம்மையைக் கம்பெனிக்காரன் ஆமையாகச் செய்து தொலைத்திருந்தான். நீல ஓடு, குறும்புக் கண், தோளில் ஒரு துடுப்பு. பார்த்தால் கொஞ்சத் தோன்றும். ஆனால் ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று கோர்ட்டு ஆளையும் அந்த அப்பிராணியையும் ஒரே தட்டில் வைத்த ஊர் இது. பிள்ளைகள் ஆசையாக எடுப்பார்கள், பெற்றவர்கள் சத்தமில்லாமல் வாங்கித் திரும்ப அலமாரியில் வைப்பார்கள். கல்யாண குணமுள்ள பெண்ணுக்கு ஜாதகம் சேராமல் போகிற மாதிரி அது அங்கேயே இருந்தது.

ஆகவே எங்கள் வட்டாரத்தில் நீர்க் கதவைத் திறக்க வேண்டுமானால் என் கடைக்கு வந்துதான் திறக்க வேண்டும் என்று ஆயிற்று. பொம்மையை விற்க முடியாவிட்டாலும் அதைச் சாக்கிட்டுக் கூட்டம் வந்தது. ஒரு தடவை, பையன் பிடிவாதமாக அழுகிறானே, பொம்மைதானே, வாங்கிக் கொடுங்களேன் என்று ஒரு அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் ஆமையைத் தொடக்கூட இல்லை. "விளையாட்டுல எத்தன கதவு வேணாலும் பூட்டிக் கெடக்கட்டும் தாயி. எங்க வீட்டுக் கதவு தொறந்து கெடந்தா போதும்."

சனி உங்களுக்கு, ஞாயிறு அவர்களுக்கு

எங்கள் சந்தில் பெரிய பாத்திரக் கடை ஒன்று இருந்தது. அப்பா காலமானதும் அண்ணன் தம்பி இருவரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஒரே கடைக்கு நடுவில் பலகைச் சுவர் எழுப்பி, வாசலில் இரண்டு போர்டு மாட்டினார்கள். சுவர் எங்கே வர வேண்டும் என்பதில் தகராறு, அதற்கு ஒரு கேஸ். பேச்சுவார்த்தை அறவே கிடையாது. பெரியவருக்கு ஒரு மகன், சங்கர். சின்னவருக்கு ஒரு மகள், கோமதி, சங்கரை விடச் சில மாதம் இளையவள். ஒரே வீட்டில் ஒரே பாயில் புரண்டு வளர்ந்த பிள்ளைகள். இப்போது ஒருவரோடு ஒருவர் பேசினால் முதுகில் விழும்.

பெரியவர் ஒரு நாள் படியேறி வந்தார். பையன் விளையாடட்டும், ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை வருகிற அன்றைக்கு இவன் இங்கே இருக்கக் கூடாது என்றார். சரி, சனிக்கிழமை அனுப்புங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்துச் சின்னவர் வந்தார். அவரும் அதையே சொன்னார், கொஞ்சம் மெதுவான குரலில். உங்கள் அண்ணன் மகனுக்குச் சனிக்கிழமை என்று ஏற்கெனவே பேசிவிட்டேனே என்று தயங்கினேன். அவருக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. படியில் பாதி இறங்கியவர் நின்று சொன்னார்: "சனிக்கெழமைய அண்ணன் எடுத்துக்கிட்டாவளோ? செரி. மிச்சம் எது கெடக்கோ அத நம்ம பிள்ளைக்குப் போட்டு வைங்க."

தொப்பி

அறையில் அத்தனை பொம்மை இருக்க, இருவரும் எடுத்தது ஆமையைத்தான். முதல் ஞாயிறு கோமதி அதைப் பீடத்தில் வைத்தபோது அதற்கு ஏற்கெனவே கொஞ்சம் பலம் ஏறியிருந்தது, தலையில் ஒரு கோமாளித் தொப்பியும் இருந்தது. நேற்று யார் விளையாடினார்கள் என்று அவள் கேட்கவில்லை. கோமாளித் தொப்பியைக் கழற்றிவிட்டு, குண்டான் மாதிரி ஒரு தொப்பியை ஆமைக்குக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அடுத்த சனிக்கிழமை சங்கர் அந்தக் குண்டானைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். போகும்போது ஆமைக்கு ஒரு சடைமுடி மாட்டிவிட்டான். கோமதிக்கு நீளமான சடை.

இப்படியே வாரா வாரம் நடந்தது. மற்ற பிள்ளைகள் நீர்க் கதவு திறந்ததும் ஆமையை எடுத்துவிட்டுத் தங்கள் பொம்மையை வைத்துக்கொள்வார்கள், அதை வளர்த்தது இவர்கள் இருவர்தான். இவன் ஒரு சண்டை ஜெயித்து வைப்பான், அவள் அடுத்ததை ஜெயிப்பாள். இவனுக்குத் தாண்ட முடியாத இடத்தை அவள் தாண்டி நிறுத்தியிருப்பாள். அவள் பயப்படும் முதலையை இவன் முன்கூட்டியே அடித்துப் போட்டிருப்பான். பேசக் கூடாது என்றுதானே வீட்டில் சொன்னார்கள், ஆமையை வளர்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குள் மிச்சமிருந்த ஒரே ஒட்டு அந்த ஆமைதான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அந்தச் சமயம் வேறொருவர் அதை விலைக்குக் கேட்டார், ஆமை ராசி பார்க்காத வெளியூர்க்காரர். மாட்டேன் என்றுவிட்டேன். என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள்.

ஒரு ஞாயிறு, இந்தத் தொப்பி விஷயத்தைச் சங்கரிடம் சொல்லட்டுமா என்று கோமதியிடம் வாயைக் கொடுத்துப் பார்த்தேன். ரிமோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் சொன்னாள்: "சொல்லாதிய எக்கா. நாந்தான் வச்சேன்னு அண்ணனுக்கே தெரியும். அவன்தான் வச்சான்னு எனக்கும் தெரியும்."

கால் ஒடிந்தது

நீர்க் கதவுகளில் கடைசிக் கதவு மட்டும் பாக்கி. ஒரு சனிக்கிழமை சங்கர் அதன் வாசல்வரை போய்விட்டான். சந்தோஷத்தில் எழுந்து குதித்தான். கால் ஒயரில் தட்டி, பீடம் மேஜையிலிருந்து விழுந்து, ஆமை சிமெண்டுத் தரையில் மோதியது. ஆமையின் கால்கள் ஒடிந்து அது தனி, காலடித் தட்டு தனி என்று கிடந்தன. நல்லவேளை, தட்டு உடையவில்லை, அதற்குள் இருந்த சிப்புக்கும் ஒன்றும் ஆகவில்லை. பசை வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. சங்கரின் முகம் செத்துவிட்டது. நாளைக்குக் கோமதி வருவாளே என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் ஆசையாக வளர்த்ததை நான் வேண்டுமென்றே போட்டு உடைத்தேன் என்று நினைப்பாளே என்று அழுதான்.

பிறகு அவனே வழி சொன்னான். எங்கள் அப்பா ஒடிந்த எதையும் நிமிர்த்தி வைத்துவிடுவார் என்றான். நானும் அவனோடு கீழே இறங்கிப் போய்ப் பெரியவரிடம் பொம்மையைக் கொடுத்தேன். அவர் ஆமையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நாளை காலையில் தருகிறேன் என்றார். இது ஆமையாச்சே, கடைக்குள் வைப்பதில் ஒன்றும் வருத்தமில்லையே என்று நாசூக்காகக் கேட்டேன். கேஸ் விஷயமாகக் கோர்ட்டிலிருந்து ஆள் வந்துபோனது சந்துக்கே தெரியும். அவர் சிரித்த சிரிப்பில் கசப்பு இருந்தது. "அமீனாவே வந்து கதவுல ஒட்டிட்டுப் போயாச்சு. இனி ஆமை வந்து புதுசா என்னத்தம்மா கெடுக்கப் போவுது?"

பேர்

ஞாயிறு காலை பெரியவரே பொம்மையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சீர்ப் பாத்திரம் இறக்க ஆழ்வார்திருநகரிக்குப் புறப்பட்டுப் போனார். அந்த வேலையைப் பார்த்து நான் அசந்துவிட்டேன். காலடித் தட்டை அப்படியே உள்ளே வைத்து, விரல் அகல விளிம்போடு ஒரு பித்தளைக் கிண்ணி அடித்திருந்தார். விளிம்பிலிருந்து இரண்டு பித்தளைப் பட்டைகள் எழும்பி ஆமையின் கால்களைக் கவ்வியிருந்தன. தங்கமாக மின்னியது. விளிம்பில், கொஞ்சம் கீழ்ப்புறமாக, 'சங்கர்' என்று பேர் வெட்டியிருந்தது. பாத்திரக்காரர்களுக்கு அது கைப்பழக்கம். ஒரு டம்ளர் என்றாலும் பேர் வெட்டாமல் வாசல் தாண்ட விடமாட்டார்கள்.

கோமதி வந்தாள். ஆமையைப் பீடத்தில் வைத்தாள். விளக்கு எரியவில்லை, சத்தம் வரவில்லை. எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். திரை சும்மா இருந்தது. வேறு பொம்மைகளை வைத்தால் வந்தன, ஆமை மட்டும் வரவில்லை. அப்போதுதான் அவள் விளிம்பைத் திருப்பி அந்தப் பேரைப் பார்த்தாள். அவளுக்குக் காரணம் புரிந்துவிட்டது, அதாவது அவளுக்குப் புரிந்த காரணம். பேர் வெட்டியாயிற்று, இனி அது அவனுக்குத்தான் வரும், எனக்கு வராது. நான் என்னென்னவோ சொன்னேன். அவள் அழவில்லை. பொம்மையை மேஜையில் வைத்துவிட்டுப் பெரிய மனுஷி மாதிரிச் சொன்னாள்: "பாகம் பிரிச்சப்பவும் இப்படித்தான்க்கா. பேர் வெட்டுன பாத்திரம் பூரா அவங்க வீட்டுக்குப் போயிட்டு."

சின்னவர் உளி எடுத்தார்

பெட்டியோடு வந்த விளக்கப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அதில் பல பாஷை உண்டு, தமிழ் கிடையாது. ஆனால் ஒரு படம் இருந்தது. பொம்மைக்கு அடியில் உலோகத் தகடு, அதன்மேல் பெருக்கல் குறி. பெரியவர் அன்பாக அடித்த பித்தளைதான் சிப்பின் வாயைப் பொத்திவிட்டிருந்தது. பேருக்கும் இதற்கும் சம்பந்தமில்லையடி என்று படத்தைக் காட்டினேன். அவள் நம்பவில்லை. பொம்மையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கித் தன் அப்பா கடைக்குள் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

சின்னவர் பொம்மையைக் கையில் வாங்கியதும் அது யார் வேலை என்று கேட்கவில்லை. விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். ஒடிந்த கதை, பித்தளை பொத்திய கதை எல்லாவற்றையும் நான் மூச்சிரைக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு மெல்லிய உளி ஒன்றை எடுத்து, கிண்ணியின் அடிப்பாகத்தை மட்டும் வட்டமாக வெட்டி எடுத்தார். மேலே ஓடிப் பீடத்தில் வைத்தோம், வரவில்லை. திரும்பவும் கீழே வந்தோம். ஒருவேளை சுற்றி இருக்கிற வளையமும் தடுக்கிறதோ என்று, பேர் இல்லாத பக்கமாக விளிம்பில் ஒரு சின்னக் கீறல் போட்டு வளையத்தைத் துண்டித்தார். மேலே ஓடினோம். 'டொய்ங்'. ஆமை துள்ளிக் குதித்தது. அதன் தலையில் சங்கர் கடைசியாக வைத்த தொப்பி, ஒரு ரோஜாப்பூ மாலை. கோமதிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

ஆனாலும் அவள் பிடிவாதக்காரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே போய், அந்தப் பேரையும் அழித்துவிடுங்கள் அப்பா என்று பொம்மையை நீட்டினாள். அரம் அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இரண்டு தேய்ப்பு போதும். சனிக்கிழமை சங்கர் வந்து பேரில்லாத ஆமையைப் பார்த்தால் அத்தோடு எல்லாம் முடிந்துவிடும். சின்னவர் அரத்தைத் தொடவில்லை, பேர் வெட்டும் கருவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "வெட்டுன பேர அழிக்கப்பிடாதுட்டி. நம்ம பேருக்கு எடம் இருக்கான்னுதான் பாக்கணும்."

கீழே

அந்த வாரம் முழுக்க எனக்குப் பயம்தான். அண்ணன் அடித்த தகட்டைத் தம்பி வெட்டியிருக்கிறார். கேஸுக்குக் கேஸ் சேர்ந்துவிடப் போகிறது என்று என் கணவர் வேறு சொல்லிக்கொண்டே இருந்தார். சனிக்கிழமை சங்கர் வந்தான். ஆமையைப் பார்த்தான். விளிம்பில் தன் பேரோடு 'கோமதி' என்று இருப்பதைப் பார்த்தவன், விளையாட உட்காராமல் பொம்மையைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடிவிட்டான். நிற்கச் சொல்லிக் கத்தினேன், அதற்குள் போய்விட்டான்.

சற்று நேரத்தில் படியில் கனத்த காலடிச் சத்தம். பெரியவர். பின்னால் சங்கர். பெரியவர் மூச்சு வாங்க என் ஸ்டூலில் உட்கார்ந்தார். அடியில் வெட்டிய இடத்தைப் பார்த்தார், பக்கத்துக் கீறலைப் பார்த்தார். "எவம் இத அறுத்தது?" என்றார். நான் புத்தகப் படத்தைக் காட்டிக் காரணத்தைச் சொன்னேன். சங்கர் ஆமையைப் பீடத்தில் வைத்துக் காட்டினான். 'டொய்ங்' என்றது. அவர் திரையைப் பார்க்கவே இல்லை. பொம்மையைத் திரும்ப எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விளிம்பைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். 'சங்கர்' என்ற பேருக்கு மேலே ஒரு பேர் வெட்டத் தாராளமாக இடம் இருந்தது. இரண்டு பக்கமும் இடம் இருந்தது. 'கோமதி' மட்டும் அடியோரத்தில், தம்பி வெட்டியெடுத்த அடிப்பாகத்தை ஒட்டி, எறும்பு ஊர்கிற மாதிரிப் பொடி எழுத்தில் இருந்தது.

கீழே சின்னவர் கடையில் யாரோ அண்டா விலை கேட்கும் குரல் வந்தது. பெரியவர் பேச ஆரம்பித்தபோது என்னிடம் பேசினாரா, மகனிடம் பேசினாரா என்று தெரியவில்லை. "எங்க அப்பா கடையில பேர் வெட்டுனா அண்ணன் பேரு மேல, தம்பி பேரு கீழ. அவரு போயி, கடைய அறுத்து, கேஸு வரைக்கும் போயாச்சு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், எனக்கும் பார்க்கச் சங்கடமாக இருந்தது. பிறகு கட்டைவிரலால் அந்தப் பொடி எழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: "மேல எம்புட்டு எடம் கெடக்கு. கீழ போயி இடுக்கி வெட்டியிருக்கான் பாரு, கழுத."

பொம்மைக் கம்பெனி கடையைக் கட்டிவிட்டது, பலகைச் சுவர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது, எனக்கோ அன்றைக்கு அடுத்த வாரத்திலிருந்தே அந்த இரண்டு பிள்ளைகளும் ஒரே நாளில் வந்து ஒரே ரிமோட்டுக்கு அடித்துக்கொள்வதை விலக்கிவிடும் வேலையும் கூடுதலாக வந்து சேர்ந்தது.